வாரம் மூன்று பதிவு போதும்: விளைபொருள் விற்க எளிய சமூக ஊடக அட்டவணை

வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். ஒரு பறிப்பைத் தவறவிட்டால் காய் முற்றிவிடும். முற்றிய காயைச் சந்தையில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதே வெண்டையை வீடுகளுக்கு நேரடியாக விற்கத் தொடங்கிவிட்டால் கைப்பேசியும் தினமும் வேலை கேட்கிறது. காலையில் ஒரு படம், மதியம் ஒரு வீடியோ, இரவில் வந்து குவிந்த கேள்விகளுக்குப் பதில். வயல் ஒரு பக்கம் இழுக்க, கைப்பேசி இன்னொரு பக்கம் இழுக்கிறது.

திண்டுக்கல் - பழனி சாலையில் உள்ள ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் காய்கறி, முருங்கை, பூ, பருத்தி எனப் பலவும் விளைகின்றன. காய்கறியில் பெரும்பகுதி ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் சந்தைகளுக்குப் போகிறது. அங்கே விலையைச் சொல்வது நாம் அல்ல. பறிப்பில் ஒரு பங்கையாவது நாமே விலை வைத்து விற்கலாம் என்று நினைக்கிற உழவர்களுக்கு வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் கைகொடுக்கின்றன. முருங்கை இலைப்பொடி, ஊறுகாய், செக்கு எண்ணெய் போன்றவற்றைச் செய்யும் மகளிர் குழுக்களுக்கும் அப்படித்தான்.

ஆனால், இப்படித் தொடங்குகிறவர்களில் பலர் சில மாதங்களில் ஓய்ந்துபோகிறார்கள். முதல் மாதம் தினமும் நான்கு பதிவு. இரண்டாம் மாதம் நினைத்தபோது ஒன்று. மூன்றாம் மாதம் பொங்கல் வாழ்த்தும் தீபாவளி வாழ்த்தும் மட்டும். பொருளில் குறை இல்லை, உழைப்பிலும் குறை இல்லை. நகரத்தில் தனி ஆள் வைத்து விளம்பரம் செய்கிற நிறுவனத்தின் வேகத்தை, களை எடுத்துக்கொண்டே பிடிக்கப் பார்ப்பதுதான் சிக்கல்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் ஒரு மணி நேரம் பதிவுக்குப் போனால் மாதத்துக்கு 30 மணி நேரம். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று வரையறுத்துக்கொண்டால் மாதத்துக்கு 6 மணி நேரம்தான். மிச்சமாகும் 24 மணி நேரம், எட்டு மணி நேர வேலையாகப் பார்த்தால் மூன்று ஆள் நாள். அதுவும் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பதிவு வேலை, சமையலும் மாடும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அட்டவணையைச் சுருக்கினால் அவர்களுக்குத்தான் முதல் நிம்மதி.

ரேடியோ நெல் சொல்லும் பாடம்

குறைவாகச் சொன்னால் மறந்துவிடுவார்களே என்ற அச்சம் இருக்கலாம். நம் மாநிலத்தின் அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது.

1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தபோது, தஞ்சை டெல்டா உழவர்களிடம் அதைக் கொண்டு சேர்த்ததில் திருச்சி வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. வானொலி கேட்டுப் பயிரிட்டதால் அந்த ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. நாள் முழுக்க அதையே பேசியதால் வந்த பெயர் அல்ல. வேளாண் நிகழ்ச்சி வருகிற நேரம் உழவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் தனக்குத் தேவையான சேதி வரும் என்ற நம்பிக்கையில் பெட்டி முன் உட்கார்ந்தார்கள்.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த அலை உயர முன்னறிவிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க உதவிய அறிவிப்பு அது. அளவில் சிறியது, ஆனால் ஊரே காது கொடுத்தது.

நம் வட்டாரத்திலும் இதற்கு முன்னோட்டம் உண்டு. பருத்தி விதை உற்பத்தியில் ஈடுபட்ட சிறு உழவர்களைக் கொண்ட ரெட்டியார்சத்திரம் விதை உற்பத்தியாளர்கள் சங்கமும், கண்ணிவாடியில் இயங்கிய சுவாமிநாதன் நிறுவனத்தின் மையமும் இணைந்து கிராமத் தகவல் மையம் நடத்தின. ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே கைப்பேசிக் குரல் செய்தியாக வேளாண் ஆலோசனைகள் இங்கே உழவர்களுக்குப் போயின. 2007-ல் தொடங்கிய இஃப்கோ கிசான் சஞ்சார் சேவையில் ஒரு குரல் செய்தியின் அளவே ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு விஷயம் மட்டும் இருக்கும்.

இந்த மூன்றிலும் பொதுவாக இருந்தவை இவைதான்: தெரிந்த நேரம், ஒரே ஒரு சேதி, கேட்பவருக்கு உடனே பயன். உங்கள் பதிவுக்கும் இந்த மூன்று இருந்தால் போதும்.

முதலில் பறிப்பு நாள், பிறகு பதிவு நாள்

அட்டவணை போட உட்காரும்போது கைப்பேசியை எடுக்காதீர்கள். நாட்காட்டியை எடுங்கள். எந்தப் பொருள், எந்த வாரம், எத்தனை கிலோ கைக்கு வரும் என்பதை முதலில் எழுதுங்கள்.

இது உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். வெண்டை விதைத்த 45 நாள் வாக்கில் முதல் பறிப்பு. கத்தரி நட்ட 55 முதல் 60 நாளில் முதல் பறிப்பு. தக்காளி ரகத்தைப் பொறுத்து நட்ட 60 முதல் 70 நாளில் பழுக்கத் தொடங்கும். ரெட்டியார்சத்திரத்தில் இந்திய - இஸ்ரேல் கூட்டு முயற்சியில் அமைந்த காய்கறி மகத்துவ மையத்திலோ தனியார் நாற்றங்காலிலோ குழித்தட்டு நாற்று வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் எளிது. நட்ட தேதி தெளிவாக இருப்பதால் பறிப்பு வாரத்தையும் ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

பறிப்பு வாரம் தெரிந்துவிட்டால், அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து பதிவு தொடங்கலாம். வெண்டை பூத்த ஒரு வாரத்துக்குள் காய் பறிப்புக்கு வந்துவிடும். அப்படியானால் பூத்த செடியின் படமே, ‘அடுத்த வாரம் வெண்டை வருகிறது’ என்ற அறிவிப்பு. தனியாக விளம்பரம் யோசிக்கத் தேவையில்லை.

வாரக் கணக்கும் இப்படித்தான். வாடிக்கையாளருக்குப் பொருள் சேர்க்கும் நாள் எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். திண்டுக்கல் நகரத்து வீடுகளுக்கு வாரம் ஒரு முறை, சனிக்கிழமை காலை கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சனிக்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பதிவு நாட்கள் தாமாக வந்து அமையும்.

மூன்று நாள், மூன்று வேலை

புதன் மாலை - வயல் பதிவு. இந்த வாரம் என்ன பறிப்புக்கு வருகிறது என்பதைக் காட்டும் ஒரு படம் அல்லது அரை நிமிட வீடியோ. விலை வேண்டாம், அழைப்பும் வேண்டாம். வயலின் நிலையை மட்டும் காட்டுங்கள்.

வியாழன் மாலை - பட்டியல் பதிவு. பொருள், அளவு, விலை, ஆர்டர் சொல்ல வேண்டிய கடைசி நேரம், பொருள் வந்து சேரும் நாள். இந்த ஐந்தும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும். கடைசி நேரம் வெள்ளி மதியம் 12 மணி என்றால், அதற்குப் பிறகு வரும் ஆர்டர் அடுத்த வாரத்துக்குப் போகும். இதில் தளர்வு காட்டினால் வெள்ளி மாலைப் பறிப்புக் கணக்கு குழம்பிவிடும்.

ஞாயிறு மாலை - நன்றிப் பதிவு. எத்தனை வீட்டுக்குப் போனது, எது மிஞ்சியது, எதில் குறை வந்தது என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். வாடிக்கையாளர் சமைத்த படம் அனுப்பியிருந்தால், அவரிடம் கேட்டுவிட்டுப் போடலாம். கேட்காமல் யாருடைய படத்தையும் பெயரையும் போடாதீர்கள்.

கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் நேரம் குறியுங்கள். பதிவு போட்ட நாட்களில் இரவு 7 முதல் 7.30 வரை என்று வைத்துக்கொள்ளலாம். ‘பதில் இரவு 7 மணிக்கு மேல் வரும்’ என்று முன்பே சொல்லிவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மருந்தடிக்கும்போதும் மோட்டார் போடும்போதும் கைப்பேசியைப் பார்க்க வேண்டிய அவசியமும் இருக்காது.

வாரம் ஒரு முறை பொருள் கொடுக்க முடியாத சிறு தொழில்களுக்கு இன்னும் எளிது. இலைப்பொடி, மசாலா, வடகம் செய்கிறவர்கள் இதே மூன்று பதிவை இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளலாம். மல்லிகை போல் தினமும் பறித்துத் தினமும் சந்தைக்குப் போகும் பொருளுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. பூவில், கோயில் விழாவுக்கோ முகூர்த்தத்துக்கோ முன்கூட்டியே மொத்தமாக ஆர்டர் எடுக்க மட்டும் பதிவு பயன்படும்.

மாதிரிக்கு மூன்று பதிவுகள்

என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் பாதி நேரம் போகிறது. இந்த மாதிரியை வைத்துக்கொண்டு பொருளையும் எண்களையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இதிலுள்ள விலை எடுத்துக்காட்டுக்கு மட்டுமே.

புதன்: “நம் தோட்டத்து வெண்டை இன்று இப்படி இருக்கிறது. வெள்ளி மாலை பறிக்கிறோம். இரண்டு நாள் தூறல் இருந்ததால் காய் இளசாக இருக்கிறது. பட்டியல் நாளை மாலை 6 மணிக்கு.”

வியாழன்: “சனிக்கிழமை காலை கொண்டு வருபவை: வெண்டை 20 கிலோ, கிலோ 40 ரூபாய். கத்தரி 15 கிலோ, கிலோ 35 ரூபாய். முருங்கைக்கீரை 30 கட்டு, கட்டு 10 ரூபாய். வெள்ளி மதியம் 12 மணிக்குள் சொல்லுங்கள். முதலில் சொல்பவருக்கு முதலில்.”

ஞாயிறு: “நேற்று 18 வீடுகளுக்குக் கொடுத்தோம், நன்றி. கத்தரியில் சில காயில் புழு இருந்ததாக இருவர் சொன்னார்கள். அவர்களுக்கு அடுத்த வாரம் அந்த அளவு காய் கூடுதலாகத் தருகிறோம்.”

மூன்றாவது மாதிரியைப் பார்த்து, குறையை நாமே ஊருக்குச் சொல்வதா என்று தயங்க வேண்டாம். காய்த்துளைப்பான் வராத கத்தரித் தோட்டம் இல்லை என்பது வாங்குபவருக்கும் தெரியும். புழு இருந்த காயை மறைத்தவரிடம் மறுபடி வாங்க மாட்டார்கள். ஒப்புக்கொண்டு ஈடு கொடுத்தவரிடம் வாங்குவார்கள்.

பட்டியலில் அளவு போடும்போது ஒரு கட்டுப்பாடு தேவை. பறிப்பில் 30 கிலோ வரும் என்று தெரிந்தால் 20 கிலோவுக்கு மட்டும் ஆர்டர் எடுங்கள். மழை, பூச்சி, ஆள் வராதது என எதுவும் நடக்கலாம். மிஞ்சும் 10 கிலோவைச் சந்தைக்கு அனுப்பிக்கொள்ளலாம். சொன்ன பொருளைக் கொடுக்க முடியாமல் போனால், பத்துப் பதிவு போட்டுச் சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

விலைக்கு அன்றைய உழவர் சந்தை விலையை அடிப்படையாக வையுங்கள். தமிழக அரசின் ‘உழவன்’ செயலியிலும் சந்தை விலையைப் பார்க்கலாம். அதனுடன் பை, பெட்ரோல், உங்கள் நேரம் ஆகியவற்றுக்கான செலவைச் சேர்த்து விலை சொல்லுங்கள். ஏன் இந்த விலை என்று கேட்டால் சொல்லக் கையில் கணக்கு இருக்க வேண்டும்.

எந்த ஊடகம்?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் என எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கால் வைக்காதீர்கள். பத்து, இருபது கிலோமீட்டருக்குள் விற்பவருக்கு வாட்ஸ்அப் ஒன்றே போதும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். பொருள் பட்டியலைப் படத்துடன் அதில் வைக்கலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதிலைச் சேமித்து வைக்கலாம். வேலை நேரத்தில் வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும்படியும் செய்யலாம்.

குழு தொடங்குவதை விட பிராட்காஸ்ட் பட்டியல் நல்லது. குழுவில் ஒருவர் போடும் காலை வணக்கமும் அரசியல் வீடியோவும் உங்கள் பட்டியலை மேலே தள்ளிவிடும். ஒருவர் எண் மற்றவருக்கும் தெரிந்துவிடும். பிராட்காஸ்ட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால், உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். எனவே முதல் முறை பொருள் கொடுக்கும்போதே, ‘எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று நேரில் சொல்லிவிடுங்கள். புதன்கிழமைப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தால் போதும். அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் வியாழக்கிழமைப் பட்டியலைப் பிராட்காஸ்ட்டில் அனுப்புங்கள்.

பொடி, எண்ணெய் போல் வெளியூருக்குக் கூரியரில் அனுப்பக்கூடிய பொருள் வைத்திருப்பவர்கள் இரண்டாவதாக ஒரு ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் பக்கம் வைத்துக்கொள்ளலாம். அங்கே புதிதாக எதையும் தயாரிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்ட படத்தையே போடுங்கள். மெட்டா பிசினஸ் சூட் என்ற இலவச வசதியில் இரண்டு வாரப் பதிவுகளை ஒரே நாளில் ஏற்றி, தேதியும் நேரமும் குறித்துவிடலாம். அவை அந்தந்த நேரத்தில் தாமே வெளியாகும்.

எந்தச் செயலியும் நம் சொந்த நிலம் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 2020 ஜூன் 29-ல் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. டிக்டாக்கில் மட்டும் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் தொடர்பை இழந்தார்கள். வாடிக்கையாளரின் பெயர், எண், தெரு, வழக்கமாக வாங்கும் பொருள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்தாலும் வியாபாரம் நிற்காது.

மாதம் ஒரு நாள் படம் எடுக்க

பல ஊர்களில் அமாவாசையன்று ஏர் பூட்டுவதில்லை. அந்த ஓய்வு நாளை மாதத் திட்டத்துக்கு ஒதுக்கலாம். ஒரு மணி நேரம் தோட்டத்தில் நடந்து 15, 20 படங்களும் நான்கைந்து சிறு வீடியோக்களும் எடுத்து வைத்துக்கொண்டால், மழையோ மின்வெட்டோ வேலை நெருக்கடியோ வரும் வாரத்தில் கைகொடுக்கும்.

படம் எடுக்க காலை 7 மணி முதல் 8 மணி வரையான வெளிச்சம் நல்லது. உச்சி வெயிலில் இலை வெளுத்துத் தெரியும். லென்ஸை முதலில் துணியால் துடையுங்கள். காயைக் கையில் பிடித்து எடுத்தால் அளவு புரியும். வீடியோவில் பேசும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், இல்லையெனில் காற்றுச் சத்தம்தான் கேட்கும். இணையத்தில் கிடைக்கும் பளபளப்பான படத்தை எடுத்துப் போடாதீர்கள். அந்தப் படத்தைப் பார்த்து வாங்கியவர், உங்கள் காயைப் பார்த்ததும் ஏமாற்றமாகத்தான் உணர்வார்.

அதே நாளில் அடுத்த மாதத்தில் வரும் விசேஷங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தையில் பொங்கலுக்கு மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு. மாசி, பங்குனியில் புளி. சித்திரை, வைகாசியில் மாம்பழமும் வடகமும் ஊறுகாயும். ஆடியில் விதைப்புக் காட்சிகள். புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் சமைப்பதில்லை என்பதால் காய்கறித் தேவை கூடும். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் வீடுகளிலும் அப்படியே. குளிர் காலத்தில் முருங்கைக்காய் வரத்து குறைந்து விலை ஏறும். கோடையில் காய் குவிந்து விலை சரியும். அந்தச் சரிவு மாதங்களில் எதை, யாருக்கு, எந்த வடிவில் விற்பது என்பதை முன்பே யோசிக்க இந்த நாள் உதவும்.

சொல்லக் கூடாதவை

கைப்பேசியில் போடும் பதிவும் விளம்பரம்தான். சட்டம் அதற்கும் உண்டு. ‘இந்தப் பொடி சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும்’, ‘புற்றுநோய் வராது’ என்றெல்லாம் எழுதாதீர்கள். இத்தகைய விளம்பரங்களை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால், 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு. வேறு பக்கத்தில் வந்ததைப் பகிர்ந்தேன் என்று சொல்லித் தப்பிக்க நினைக்காதீர்கள்.

பொடி, ஊறுகாய், எண்ணெய் போன்ற பதப்படுத்திய பொருளை விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தேவை. அந்த 14 இலக்க எண்ணைச் சிப்பத்திலும் பொருள் படத்திலும் தெரியும்படி வையுங்கள். அதுவே நம்பிக்கை தரும் விளம்பரம். விதை, நாற்று விற்பவர்கள் உரிமம் பற்றி வட்டார அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே பதிவிட வேண்டும்.

‘இயற்கை விளைபொருள்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். சான்று இருந்தால் சான்று எண்ணுடன் சொல்லுங்கள். இல்லாவிட்டால் செய்ததை அப்படியே சொல்லுங்கள். ‘அடியுரமாகத் தொழு உரம், பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல், ஒரு முறை மட்டும் ரசாயன மருந்து, அடித்துக் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகே பறித்தோம்’ என்று சொன்னால் படிப்பவர் மதிப்பார்.

உங்கள் எண் பொதுவெளிக்குப் போவதால் ஏமாற்றுக்காரர்களும் அழைப்பார்கள். மொத்தமாக வாங்குவதாகச் சொல்லி, ‘பணம் அனுப்புகிறோம், க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்’ என்பார்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

விருப்பக்குறி அல்ல, விற்ற கிலோ

பதிவுக்கு எத்தனை விருப்பக்குறி வந்தது என்று பார்ப்பது மனதுக்குச் சுகமாக இருக்கும். ஆனால், சென்னையிலிருந்து ஆயிரம் பேர் விருப்பக்குறி போட்டாலும் ரெட்டியார்சத்திரத்து வெண்டை விற்காது. திண்டுக்கல்லில் 20 வீடு வாரந்தோறும் வாங்கினால் விற்கும்.

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, போட்ட பதிவு, வந்த ஆர்டர், விற்ற கிலோ, மிஞ்சிய கிலோ. வாரம் ஒரு வரி போதும். இரண்டு மாதம் கழித்து, மறுபடி மறுபடி வாங்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை கூடினால் அட்டவணை சரி. கூடாவிட்டால் பதிவைக் கூட்ட வேண்டாம். விலையா, தரமா, சேரும் நேரமா என்று நான்கு வாடிக்கையாளர்களிடம் நேரில் கேளுங்கள். பதிவின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் தீரும் பிரச்சினை மிகக் குறைவு.

பறிப்பு இல்லாத வாரமும் வரும். அப்போது மௌனமாக இருந்துவிடாதீர்கள். புதன்கிழமை, ‘இந்த வாரம் பறிப்பு இல்லை. நிலத்தை உழுது காயப்போட்டிருக்கிறோம். அடுத்த காய் இன்னும் ஆறு வாரத்தில்’ என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரியோடு அந்த வாரத்து வேலை முடிந்தது. வியாழனும் ஞாயிறும் விடுமுறை. வயலுக்கு ஓய்வு கொடுக்கும்போது கைப்பேசிக்கும் கொடுக்கலாம்.

களப் பணியாளர்கள் கவனத்துக்கு

சமூக ஊடகப் பயிற்சி என்றால் செயலியைப் பதிவிறக்கிக் காட்டுவதோடு முடித்துவிடும் வழக்கம் உண்டு. அதற்குப் பதிலாக, பயிற்சிக்கு வருபவர் தன் பயிர் நாட்காட்டியுடன் வந்து, எட்டு வாரப் பதிவு அட்டவணையுடன் திரும்பும்படி பாருங்கள். இரண்டு மாதம் கழித்து நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உழவர் உற்பத்தியாளர் குழுக்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரே எண், ஒரே பட்டியல் என்று வைத்துக்கொண்டால், ஒரு வீட்டில் வெண்டை முடிந்தாலும் இன்னொரு வீட்டில் கத்தரி இருக்கும். வாடிக்கையாளருக்கு வாரந்தோறும் ஏதாவது கிடைக்கும். ஒரு வாரம் ஒரு குடும்பம் என்று முறை வைத்தால், ஒருவருக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு முறைதான் பதிவு வேலை வரும். யார் காய் எத்தனை கிலோ போனது, யாருக்கு எவ்வளவு பணம் என்பதை மட்டும் அன்றன்றே எழுதிவிட வேண்டும். பதிவு எளிதாக இருந்தும், பணக் கணக்கில் மனத்தாங்கல் வந்தால் கூட்டு நிற்காது.

இந்த வாரமே தொடங்கலாம். தெரிந்த பத்து வீடுகளின் எண்ணை நோட்டில் எழுதுங்கள். பொருள் சேர்க்கும் நாளை முடிவு செய்யுங்கள். வரும் புதன்கிழமை மாலை, தோட்டத்தில் இருப்பதை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எட்டு வாரம் நாள் தவறாமல் செய்துவிட்டு, பிறகு நோட்டைப் புரட்டிப் பார்த்து மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்ளுங்கள்.